அண்ணனின் துப்பாக்கிக்கு ஒரு லுனெத்

நாற்பது, நாற்பத்தைந்து வயதில் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. நம் பாட்டிமார் அதைச் சாளேசுவரம் என்பார்கள். ஊசியில் நூல் கோர்க்கப் பிள்ளைகளைக் கூப்பிடுவதும், கல்யாணப் பத்திரிகையைக் கையை நீட்டி எட்டப் பிடித்துப் படிப்பதும் அப்போதுதான் தொடங்கும். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் விறைத்துப்போய், கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் சட்டென்று மாற முடியாமல் போகிறது. இதனால் துப்பாக்கி சுடுகிறவனுக்கு என்ன கஷ்டம் வரும் என்று நம்மில் யாரும் யோசித்திருக்க மாட்டோம். நானும் 2023 வரை யோசித்ததில்லை.

சாதாரணத் துப்பாக்கியில் குறி பார்க்க மூன்று பொருள்களை ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். கண்ணுக்குக் கிட்டே பின்குறி, அதில் ஒரு பள்ளம் இருக்கும். குழலின் நுனியில் முன்குறி, அது ஒரு சின்ன முள். அதற்கப்பால் ஐம்பது மீட்டரில் அட்டை. மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. எந்த வயதுக் கண்ணானாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும். இளவட்டத்தின் கண் மூன்றுக்கும் இடையில் ஓடி ஓடிச் சமாளித்துவிடுகிறது. வயதான கண்ணால் அந்த ஓட்டம் முடியாது.

என் பெரியப்பா மகனுக்கு இப்படித்தான் ஆயிற்று. எனக்கு ஐந்து வயது மூத்தவர். 1962 ஆகஸ்டு 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள் அல்லவா? பெரியப்பா எழுதிக் கொடுத்தார், எங்கள் அப்பா கொடுக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் ஒரு கையெழுத்தில் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம். அண்ணன் சொல்தாவாகப் போனார். நான் இங்கே அரசாங்க ஆபீசில் பேனா பிடித்தேன். அவர் இருப்பது பாரிசுக்கு வடக்கே சார்செல் பக்கம். வாரம் தவறாமல் சனிக்கிழமை துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போவார். அண்ணி காலமான பிறகு அவர் வீட்டைவிட்டு வெளியே போனது அந்த ஒரு இடத்துக்குத்தான் என்று அவர் மகன் சொல்லுவான்.

அவரிடம் இருப்பது செக் நாட்டில் செய்த .22 துப்பாக்கி. பிரெஞ்சில் 'வேன்-தூ லோங் ரைஃபிள்' என்பார்கள். இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இதன் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து நடுவில் இருக்காது, அடிப்பகுதியின் விளிம்பைச் சுற்றி இருக்கும். ஊசி அந்த விளிம்பில் இடித்தால் போதும். இந்த யோசனையைத் தொடங்கி வைத்தவர் பாரிசைச் சேர்ந்த லூயி-நிக்கோலா ஃப்ளோபேர் என்ற துப்பாக்கித் தொழிலாளி, 1845-இல். அவருடைய தோட்டா வீட்டுக் கூடத்தில் சுட்டு விளையாடும் அளவுக்குச் சின்னது. இப்போதுள்ள .22 லாங் ரைஃபிள் 1887-இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. குண்டின் எடை 2.6 கிராம், குறுக்களவு 5.6 மில்லிமீட்டர். விலை மலிவு, சத்தம் குறைவு, தோளில் உதைப்பது அநேகமாக இல்லை. ஒரு காலத்தில் ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதில் முதலில் கை பழக்கினார்கள். செந்த்-எத்தியேனில் செய்த மாஸ் 45 என்ற .22 பயிற்சித் துப்பாக்கியைப் பற்றி அண்ணன் இன்றைக்கும் முதல் சைக்கிளைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்.

2023-இல் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். அந்தக் கோடையில் நான் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன், அவரைப் பார்க்க ரயிலேறினேன். மனிதர் கண் கூச வெளிச்சமாக உலகத்தைப் பார்க்கிறேன் என்று குதூகலமாக இருப்பார் என்று நினைத்தேன். முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"அட்டை கண்ணாடி மாதிரி தெரியுது தம்பி. முள்ளுதான் தெரியல. பஞ்சு மாதிரி இருக்கு."

காரணம் எளிது. புரை எடுத்துவிட்டுப் பொருத்திய லென்ஸ் தூரப் பார்வைக்குக் கணக்குப் பார்த்து வைத்தது. அது கிட்டத்துக்கு வளைந்துகொடுக்காது. ஒரு மீட்டருக்குள் இருக்கிற முன்குறி அதற்குத் தெளியாது. குறி பார்க்கிறவனுக்கு முக்கியமாகத் தெளிவாகத் தெரிய வேண்டியது முள்தான், அட்டை கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை என்பது அவர்கள் பாடம். வைத்தியம் அவருக்கு அதைத் தலைகீழாக்கிவிட்டது.

வீட்டில் இதை வைத்து ஒரு பஞ்சாயத்தே நடந்துகொண்டிருந்தது. மகன், துப்பாக்கியைக் கொடுத்துவிடுங்கள் என்றான். எழுபத்தொன்பது வயது, தனியாக இருக்கிறார், இரும்புப் பெட்டகத்தில் ஆயுதம். அவன் பயப்படுவதிலும் நியாயம் இருந்தது. அங்கே அதைக் கொடுப்பதும் சும்மா இல்லை, உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்காரர் மூலமாகத்தான் கைமாற வேண்டும், காகிதம் எல்லாம் உண்டு. பேரன், இருபத்திரண்டு வயது, எதிர்க்கட்சி. தாத்தாவுக்கு ஒரு லுனெத் போட்டால் முடிந்தது என்றான். அண்ணனோ இரண்டுக்கும் தலையாட்டவில்லை. "லுனெத் போட்டு யார் வேணும்னாலும் சுடுவான்" என்று ஒரே பேச்சு. சொல்தா வீம்பு.

லுனெத் என்றால் தொலைநோக்கிக் குழாய். இங்கே ஸ்கோப் என்கிறோம். பிரெஞ்சில் அதே சொல் பன்மையில் வந்தால் மூக்குக்கண்ணாடி. நான் அண்ணனிடம் சொன்னேன்: "நீங்க எழுத்து படிக்க லுனெத் போடுறீங்க, அதுக்கு வெக்கப்படுறதில்ல. இதுவும் அதே வார்த்தைதான், ஒருமையில இருக்கு, அவ்வளவுதான்." சிரித்தார். ஆனால் அவர் இறங்கி வந்தது அந்தச் சிரிப்பால் இல்லை. கண் டாக்டரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி மகன் கேட்டிருந்தான். அங்கே அந்த அம்மாள் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்து, நடுப்பகுதி நன்றாக இருக்கிறது, சுடுவதற்குத் தடையில்லை என்றார். அங்கே சுடும் கிளப் லைசென்சுக்கு ஆண்டுதோறும் டாக்டர் கையெழுத்து வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன். விழித்திரை கெட்டிருந்தால் எந்த ஸ்கோப்பும் உதவாது, அப்போது மகன் பக்கம்தான் நான் பேசியிருப்பேன். கண்ணைப் பார்க்காமல் முதலில் ஸ்கோப் கடைக்கு ஓடுவது, சர்க்கரை பார்க்காமல் புதுச் செருப்பு வாங்குகிற மாதிரி.

ஸ்கோப் எப்படி உதவுகிறது என்றால், அதற்குள் இருக்கிற குறுக்குக்கோடும் தூரத்து அட்டையும் ஒரே தளத்தில், ஒரே தூரத்தில் இருப்பது போலக் கண்ணுக்குத் தெரியும். மூன்று பொருள் ஒன்றாகிவிடுகிறது. தூரப் பார்வைக்கு வைத்த லென்ஸ் உள்ள கண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்? இதற்கு முன் அண்ணன் டியோப்டர் என்கிற ஊசித்துளைப் பின்குறியையும் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பார்த்திருக்கிறார். கண்ணாடியை மறந்துவிட்டு வந்தால் கைவிரலைக் குவித்துச் சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்போமே, அதே தத்துவம். முள் தெளிந்தது, ஆனால் வெளிச்சம் போதவில்லை, மழை மூட்டமான நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பேரன் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது 6-24×50. படத்தைக் காட்டினான். ஆளுயரத்துக்கு இல்லை, ஆனால் முழங்கை நீளம். இந்த எண்களைப் புரிந்துகொள்வது சுலபம். முதல் இரண்டு, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது: ஆறிலிருந்து இருபத்துநான்கு வரை. கடைசி எண், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். ஆயுதக் கடைப் பையனும் அதைத்தான் எடுத்துக் காட்டினான். "கி ப்யூ ல ப்ளுஸ் ப்யூ ல முவேன்" என்று பழமொழி வேறு சொன்னான். பெரியதைச் செய்யக்கூடியவன் சின்னதையும் செய்வான் என்று அர்த்தம். நான் அவனைக் கேட்டேன், "இதை மூன்று மடங்கில் வைக்க முடியுமா?" முடியாது, ஆறுக்குக் கீழே இறங்காது. அப்புறம் பழமொழிக்கு என்ன வேலை?

நான் ஆபீசில் முப்பது வருஷம் கொட்டேஷன் பார்த்தவன். மூடிய உறை மூன்று, ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்று, குறைந்த விலைக்காரனுக்கு ஆர்டர், ஆறு மாதத்தில் நாற்காலிக்கால் உடையும். அந்த முறை இதற்கு ஆகாது என்று தெரியும், ஆனாலும் கட்டம் போட்ட தாளில் ஒரு பட்டியல் போடாமல் எனக்குப் பேச வராது. போட்டேன்.

முதலில் உருப்பெருக்கம். ஐம்பது மீட்டரை ஒன்பதால் வகுத்தால் ஐந்தரை மீட்டர். அதாவது ஒன்பது மடங்கு ஸ்கோப்பில் பார்த்தால் அட்டை ஒரு கூடத்தின் எதிர்ச்சுவரில் மாட்டியிருப்பது போலத் தெரியும். குண்டு துளைத்த ஓட்டையும் நல்ல கண்ணுக்குத் தெரிந்துவிடும். இருபத்துநான்கில் இரண்டு மீட்டர். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டையோடு சேர்ந்து கை நடுக்கமும் இருபத்துநான்கு மடங்காகும். எழுபத்தொன்பது வயதில் மேசைமேல் மணல்பை வைத்து அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தினாலும் நாடித்துடிப்பு குறுக்குக்கோட்டில் தெரியும். நடுக்கத்தைப் பார்த்துவிட்டால் மனம் அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், விசையை வெடுக்கென்று இழுக்கும். அங்கே போயிற்று சுடுவது.

அடுத்தது வெளிச்சம். இதில் எனக்கு என் லிசே பௌதிக வகுப்பு கை கொடுத்தது. வானியல் தொலைநோக்கியின் கதிர்ப்படத்தைப் போடச் சொல்லி உயிரை எடுப்பார்கள். கண்ணருகே வெளிச்சம் எல்லாம் குவிந்து ஒரு சின்ன வட்டமாக வெளியே வரும், அதற்குச் 'செர்க்கிள் ஒக்யுலேர்' என்று பெயர். அதன் அளவு, முன்கண்ணாடி விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். ஐம்பத்தைந்து வருஷம் கழித்து இதற்கு ஒரு உபயோகம் வந்தது. 50-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டு மில்லிமீட்டர். அந்த ஊசிமுனை வெளிச்சத்துக்குள் கண்மணியைச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், தலை கொஞ்சம் அசைந்தால் ஒரே கறுப்பு. கழுத்து வலிக்காரருக்கு இது தண்டனை. 40-ஐ 9-ஆல் வகுத்தால் நாலரைக்குக் கொஞ்சம் குறைவு. அதையே மூன்றில் வைத்தால் பதின்மூன்று. இதிலும் ஒரு வரம்பு உண்டு. இளைஞன் கண்மணி இருட்டில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும், நம் வயதில் அவ்வளவு விரியாது. அதனால் அதற்குமேல் வட்டம் பெரிதாக இருந்தால் வெளிச்சம் கூடாது, தலையை வைக்க இடம்தான் தாராளமாகக் கிடைக்கும். அந்தத் தாராளம்தான் வயதானவனுக்கு வேண்டியது என்று பேரனுக்கு விளக்கினேன். அவன் தன் போனில் கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டான். பரவாயில்லை, நல்ல பிள்ளை.

மூன்றாவதாக, எல்லாவற்றிலும் முக்கியமானது, பாரலாக்ஸ். கடையில் முள் வைத்த தராசு இருந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் நேரே நின்று பார்ப்பார், நாம் ஓரமாக நிற்போம். அவருக்கு ஒரு கிலோ, நமக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது. முள்ளுக்கும் அதன் பின்னாலுள்ள எண்தட்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் பார்க்கும் கோணத்துக்குத் தக்கபடி முள் வேறு இடத்தில் தெரிகிறது. ஸ்கோப்பிலும் அதே கதை. குறுக்குக்கோடும் அட்டையின் பிம்பமும் சரியாக ஒரே தளத்தில் விழுவது ஒரே ஒரு தூரத்துக்குத்தான். பெரிய வேட்டைத் துப்பாக்கிக்கான ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் நூறு கஜத்துக்கு அல்லது அதற்கும் மேலே சரி செய்து தொழிற்சாலையில் மூடிவிடுவார்கள். அதை ஐம்பது மீட்டரில் வைத்துப் பார்த்தால் தலை அசைய அசையக் குறுக்குக்கோடு அட்டையில் ஊர்ந்துபோகும்.

எவ்வளவு ஊரும் என்று கணக்குப் போடலாம். முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர் என்றால் பாதி 20. நூறு மீட்டருக்கு அமைத்ததை ஐம்பதில் பார்த்தால் வித்தியாசம் பாதி. ஆக, கண் ஓரத்துக்குப் போய்விட்டால் பத்து மில்லிமீட்டர் வரை தப்பும். சர்வதேசப் போட்டியின் ஐம்பது மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். மனிதன் ஒன்றும் தப்புச் செய்யாமலே குண்டு வட்டத்துக்கு வெளியே போய்விடும். .22-க்கென்று செய்த ஸ்கோப்பில் இதை ஐம்பது கஜத்துக்கு, அதாவது ஏறக்குறைய 46 மீட்டருக்குச் சரி செய்திருப்பார்கள். அதை ஐம்பது மீட்டரில் வைத்தால் தப்பு அதிகம் போனால் இரண்டு மில்லிமீட்டர். 'ரிம்ஃபயர்' என்று பெட்டியில் எழுதியிருப்பதில் பாதி விளம்பரம், ஆனால் இந்தப் பாதி உண்மை. தூரத்துக்குத் தகுந்தபடி திருகி மாற்றிக்கொள்ளும் வசதியுள்ளவையும் உண்டு, அவை நல்லவையே. ஆனால் ஒரே கிளப்பில், ஒரே மேசையில், ஒரே ஐம்பது மீட்டரில் சுடுகிறவருக்கு இன்னொரு திருகு எதற்கு? மறந்துபோய் மாற்றி வைத்துவிட்டால் அதுவே தொல்லை.

குறுக்குக்கோட்டின் தடிமனை யாரும் யோசிப்பதில்லை. மயிரிழை போன்ற கோடு கடை வெளிச்சத்தில், வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போது அழகாக இருக்கும். அட்டையின் நடுவே இருப்பதோ கறுப்பு வட்டம். கறுப்பில் கறுப்பு மயிரிழை எங்கே தெரியும்? வெளியே தடிப்பாக வந்து நடுவில் மெலிகிற கோடு இருந்தால் கண் தானாக நடுவுக்குப் போய்விடும். நடுப்புள்ளி சிவப்பாக எரிகிற வகையும் இருக்கிறது, சின்ன பாட்டரி போட வேண்டும். அண்ணனுக்கு அது பிடித்தது. மரக்கிளை மாதிரி கோடும் எண்ணும் நிறைந்த வகைகள் தூரச் சுடுதலுக்கு. ஐம்பதில் சரி செய்த சாதாரண .22 குண்டு நூறு மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழுந்துவிடும், அதற்கெல்லாம் அந்தக் கோடுகள் உதவும். இவருக்கு வேண்டாம்.

உதை தாங்குமா என்று கவலைப்படத் தேவையில்லை, .22-இல் உதையே இல்லை. வேடிக்கை என்னவென்றால் இதைவிடச் சாதுவாகத் தெரிகிற ஸ்பிரிங் ஏர்கன்தான் ஸ்கோப்பைக் கெடுக்கும். உள்ளே ஸ்பிரிங் முன்னும் பின்னுமாக இரண்டு பக்கமும் உலுக்கும். மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் பலூன் சுட வைத்திருப்பார்களே, அந்த ஜாதி. அதில் ஸ்கோப் போட்டிருந்தாலும் நமக்குப் பலூன் உடைந்திருக்காது என்பது வேறு விஷயம்.

கடையில் மூன்று ஸ்கோப்புகளை வாங்கி வாசலுக்கு எடுத்துவந்து தெருக்கோடிப் பெயர்ப்பலகையைப் பார்த்தோம். கடைக்குள்ளே டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். வெளியே பார்த்தால்தான் எதில் ஓரத்து எழுத்துகள் கலைகின்றன, எதில் எழுத்தைச் சுற்றி ஊதா நிறம் கசிகிறது என்று தெரியும். மலிவான ஒன்று நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் கஞ்சித்தண்ணியாகவும் இருந்தது. கடைசியில் .22-க்கென்று செய்த 3-9×40 ஒன்று, இருநூறு யூரோவுக்குள். பேரன் கேட்டதன் விலையில் பாதிகூட இல்லை. மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கலாம் என்றேன். அது ஒன்றும் கிண்டல் இல்லை. ஒரே துப்பாக்கியில் நாலைந்து வகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தால் ஒன்று சேர்ந்து விழும், ஒன்று சிதறும். எந்தக் குழலுக்கு எது ஒத்துப்போகும் என்று சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை எந்தக் கண்ணாடியாலும் ஈடுகட்ட முடியாது.

பொருத்துவதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அந்தத் துப்பாக்கியின் மேல்பாகத்தில் 11 மில்லிமீட்டர் அகலத்துக்குப் புறாவால் வடிவப் பள்ளம் இருக்கிறது, அதற்கேற்ற வளையம் வேண்டும். ராணுவ வகைத் தண்டவாளத்துக்கான வளையம் அதில் உட்காராது. வளையம் தாழ்வாக இருந்தால் பூட்டின் கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்கோப்பில் இடிக்கும். உயரமாக இருந்தால் கன்னம் கட்டையில் படியாது, தலை அந்தரத்தில் தொங்கும். நடுத்தர உயரம் சரியாக வந்தது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி. அதை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறந்து பார்த்துச் சரி செய்தார். பார்த்துக்கொண்டே வைத்தால் நாம் ஸ்கோப்புக்குத் தகுந்தபடி கழுத்தை நீட்டிவிடுவோமாம். நெட்டுக்கோடு செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் தூக்குக்குண்டு தேடினோம், கிடைக்கவில்லை. கராஜ் கதவில் நூல்கட்டிப் பழைய சாவியைத் தொங்கவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கிளப்பில் முதலில் பூட்டைக் கழற்றி, குழலுக்குள் கண் வைத்து அட்டையின் நடுவைப் பார்த்து, துப்பாக்கியை அசைக்காமல் குறுக்குக்கோட்டையும் அங்கே கொண்டுவந்தார். தோட்டா செலவில்லாத வழி. பிறகு இருபத்தைந்து மீட்டரில் மூன்று, ஐம்பதில் மூன்று. திருகை ஒரு 'கிளிக்' திருப்பினால் ஐம்பது மீட்டரில் குண்டு மூன்றரை மில்லிமீட்டர் நகர வேண்டும். கால் எம்.ஓ.ஏ. என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான். போட்டிருந்தால் போதுமா? எனக்குச் சந்தேகப் புத்தி. பரீட்சை ஒன்று வைக்கச் சொன்னேன், அவருக்கும் அது தெரிந்திருந்தது. மூன்று சுட்டு, வலப்பக்கம் இருபது கிளிக், மூன்று சுட்டு, கீழே இருபது, பிறகு இடது இருபது, மேலே இருபது. குறி எப்போதும் அதே புள்ளியில். குண்டுகள் அட்டையில் ஏழு சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் போட்டுவிட்டு, கடைசி மூன்றும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். மட்டமான சரக்கில் திரும்பாது.

திரும்பி வந்தது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. புது அட்டை மாட்டச் சொன்னார். ஐந்து சுட்டார், ஒவ்வொன்றுக்கும் நடுவே நீளமாக மூச்சு விட்டுக்கொண்டு. பேரன் ஓடிப்போய் அட்டையைக் கொண்டுவந்து ஒரு யூரோ நாணயத்தை மேலே வைத்தான். ஐந்து ஓட்டையும் மறைந்துபோயின. மகன் அன்றைக்குக் கிளப்புக்கு வந்திருந்தான், அதுவே முதல் தடவை. அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிற பேச்சை அதற்கப்புறம் அவன் எடுக்கவில்லை. பதிலுக்கு, பெட்டகத்தின் இன்னொரு சாவி தன்னிடம் இருக்க வேண்டும், மாடிப்படி ஏறும்போது துப்பாக்கிப் பையைப் பேரன்தான் தூக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டான். சாவிக்கு அண்ணன் ஒப்புக்கொண்டார். பைக்கு அரை மனசு.

நஷ்டம் ஒன்று உண்டு. படுத்துச் சுடும் ஐம்பது மீட்டர்ப் பந்தயத்தில் ஸ்கோப்புக்கு அனுமதியில்லை. இருபது வருஷமாகக் கிளப்புக்காக அதில் கலந்துகொண்டவர். அந்த இடத்தைப் பேரன் பிடித்துக்கொள்ளட்டும் என்றார். அவனும், பந்தயத்துக்கு உங்கள் துப்பாக்கியையே தாருங்கள், ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு முள்ளை வைத்துச் சுட்டுத் திரும்ப மாட்டித் தருகிறேன் என்று தன் அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"கழட்டுனா திரும்ப மாட்டும்போது குறி மாறும்டா" என்றார் அண்ணன். "உனக்குக் கிளப்புத் துப்பாக்கி இருக்கு. என் லுனெத்த யாரும் தொடக்கூடாது."